கைபேசிப் பயிற்சி போதுமா? கடை மேலாளரை உருவாக்கும் வழி



நம் கடைகளில் தராசு மாறிவிட்டது, கல்லாப்பெட்டி மாறிவிட்டது, கணக்குப் புத்தகமும் மாறிவிட்டது. 2016-ல் யுபிஐ வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தது. இன்று பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்குகிறவர்கூடக் கைபேசியை நீட்டித்தான் பணம் செலுத்துகிறார். முணுமுணுத்துக்கொண்டே இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட நாம், இன்று இவை இல்லாமல் கடை நடத்த முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டோம். அதில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இப்போது இன்னொரு மாற்றம் ஓசையில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. கடையை நடத்தும் ஆட்களுக்குத் தரும் பயிற்சியும் கைபேசிக்குள் போய்விட்டது. ஊழியரை எப்படி நடத்துவது, வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, பொறுப்பில் இருப்பவர் எப்படி முடிவெடுப்பது என்பதையெல்லாம் ஐந்து நிமிடப் படங்களாக்கி அனுப்புகிறார்கள். பார்த்து முடித்துப் பத்துக் கேள்விக்கு விடை தட்டினால் சான்றிதழும் கைபேசிக்கே வந்துவிடுகிறது. இது போதுமா, போதாது என்றால் நாம் எதைச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்பதை நம் வியாபாரத்தை வைத்தே விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மேலாளர் என்றதும், "அது பெரிய கம்பெனி சமாச்சாரம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் கொள்முதலுக்குப் போகும் நாளில் கல்லாவில் உட்காரும் மகன் ஒரு மேலாளர். கிட்டங்கிச் சாவியை வைத்திருக்கும் மூத்த ஊழியர் ஒரு மேலாளர். லைனுக்குப் போய் வசூல் செய்துவரும் கணக்குப்பிள்ளை ஒரு மேலாளர். நாம் இல்லாதபோது நம் பெயரைக் காப்பாற்றுகிறவர் எவரோ, அவரே நம் மேலாளர்.

திரை நன்றாகச் சொல்லித் தருவது எது?

முதலில் நியாயமாகப் பேசுவோம். கைபேசிப் பயிற்சியால் பயன் உண்டு. பில் மெஷினை இயக்குவது, ஜிஎஸ்டி பில்லில் எந்தச் சரக்குக்கு என்ன குறியீடு போடுவது, காலாவதித் தேதிப்படி சரக்கை அடுக்குவது போன்ற வேலைகளைப் படத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். மறந்தால் மறுபடியும் பார்க்கலாம். ஆள் புதுக்கோட்டைக்கோ திருச்சிக்கோ ஒரு நாள் வேலையை விட்டுப் போக வேண்டியதில்லை. பேருந்துச் செலவும் மிச்சம்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் 'ஃபாஸ்டாக்' பயிற்சியை நம்மில் பலர் அறிவோம். அது 2017-ல் தொடங்கப்பட்டது. உணவுப் பொருளைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. மத்திய அரசும் 2020 செப்டம்பரில் 'கர்மயோகி' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, தன் ஊழியர்களுக்கான பயிற்சியை இணையத்தின் வழியாகவே பெருமளவில் நடத்தி வருகிறது. கொரோனா காலத்தில் ஆள் கூட முடியாதபோது எல்லாத் துறைக்கும் இதுவே கைகொடுத்தது. ஆகவே கைபேசியைத் தள்ளிவை என்று சொல்வது எங்கள் கருத்தன்று.

எங்கே சிக்கல் வருகிறது?

எங்களுக்குச் சரக்கு தரும் கம்பெனி ஒன்று, முன்பெல்லாம் மாதம் ஒருமுறை விற்பனை அதிகாரியை அனுப்பி வைக்கும். அவர் வந்து கிட்டங்கியில் மூட்டை மேல் உட்கார்ந்து, பையன்களிடம் பேசிக்கொண்டே, எந்தக் கடையில் எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று கேட்டறிவார். அந்தப் பேச்சிலேயே பாதிப் பயிற்சி நடந்துவிடும். இப்போது அவர் வருவதில்லை. செயலி வருகிறது. எங்கள் பையன் ஒருவர் படத்தை ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் கேள்விக்கு விடை தட்டினார். நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் வந்தது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பதற்கு எதிரில் ஓர் ஆள் இல்லாதபோது யாருக்குத்தான் கவனம் நிற்கும்?

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பொறுப்பில் இருப்பவர் எடுக்கும் முடிவுகளில் பல, திரைக்குள் அடங்குவதில்லை. கடன் விஷயத்தையே பாருங்கள். சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வாராவாரம் வியாழக்கிழமை தவறாமல் பணம் கட்டி வந்தவர், இரண்டு வாரமாகக் கட்டவில்லை. கணினியில் அவர் பெயர் சிவப்பாகிவிட்டது. புதிதாக வந்த மேலாளர் அதைப் பார்த்துச் சரக்கை நிறுத்திவிடுவார். ஆனால் பழைய கணக்குப்பிள்ளைக்கு வேறொன்று தெரியும். அந்த ஊரில் மழை இல்லை, விவசாயிகளிடம் அவருக்கு வரவேண்டிய பாக்கி நிற்கிறது, அறுவடை வந்தால் பணம் வந்துவிடும். பாதிச் சரக்கைக் கொடுத்து அந்த வாடிக்கையைக் காப்பாற்றுவார்.

இன்னொருவர் நாளுக்கு நாள் கூடுதலாக வாங்குகிறார். எண்ணெயும் சீனியும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுக்கிறார். கணினி அவரை முதல்தர வாடிக்கையாளர் என்று காட்டும். அனுபவசாலிக்கோ அங்கேதான் சந்தேகம் தட்டும். சட்டென்று விற்கும் சரக்கைக் கடனுக்கு எடுத்து, அடக்கத்துக்கும் குறைத்துத் தள்ளி, ரொக்கம் புரட்டுகிறாரோ, கடையை மூடப்போகிறாரோ என்று போய் விசாரிப்பார். கடைக்குப் போனால் அலமாரி காலியாக இருக்கும். அந்த ஒரு பார்வையில் பல லட்சம் தப்பும். இதை எந்தப் படம் சொல்லித் தரும்? அந்தக் கணக்குப்பிள்ளையின் கூடவே லைனுக்குப் போனவருக்குத்தான் இது பிடிபடும்.

ஊழியர் விஷயமும் அப்படித்தான். எடை குறைத்துப் போட்டுவிட்ட பையனை வாடிக்கையாளர் எதிரில் திட்டுவதா, உள்ளே அழைத்துச் சொல்வதா? திருவிழா நாளில் இரண்டு பேர் ஒன்றாக விடுப்புக் கேட்டால் யாரை அனுப்புவது? முன்பணம் கேட்டு வருகிறவரிடம், "இல்லை" என்பதைக்கூட மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? இவை எல்லாம் பார்த்துப் பழக வேண்டிய வித்தைகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது கைபேசிச் சுரைக்காய்க்கும் பொருந்தும்.

மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்

இந்த வித்தையை நம் பக்கத்து வணிகர்கள் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது. புதுக்கோட்டைக்கு அண்டையிலுள்ள செட்டிநாட்டு நகரத்தார், பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து தொழில் நடத்தினார்கள். முதலாளி ஊரில் இருப்பார். கடையோ ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும். தொலைபேசியில் கேட்டு நடத்த முடியாத காலம். கடிதம் கப்பலில்தான் வரும். அப்படியிருந்தும் அந்தத் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்தது என்றால், அங்கே இருந்த ஆட்களின் தரம்தான் காரணம்.

இன்று நாம் மேலாளர் என்று எழுதுவதை அவர்கள் 'மேலாள்' என்று வழங்கினார்கள். அவருக்குக் கீழே 'அடுத்தாள்'. அதற்கும் கீழே 'பெட்டியடிப் பையன்'. பையனாகச் சேர்ந்தவர் கடையைக் கூட்டுவார், எடுபிடி வேலை செய்வார், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வட்டிக் கணக்கும் பேரேடும் பழகுவார். கடன் கேட்டு வந்தவரிடம் மேலாள் எப்படிப் பேசுகிறார், யாருக்குக் கொடுக்கிறார், யாரை மரியாதையாகத் திருப்பி அனுப்புகிறார் என்று அங்கிருந்தே பார்ப்பார். பிறகு அடுத்தாள் ஆவார். திறமை இருந்தால் ஒரு நாள் மேலாள் ஆவார். மூன்று ஆண்டுக் கணக்கு என்று பேசி அனுப்புவது அன்றைய வழக்கம்.

சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில், ஒரே கூரையின் கீழ்ப் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு தொழில் செய்தார்கள். ஆகவே பையன் தன் மேலாளிடம் மட்டுமல்ல, பக்கத்துப் பெட்டிக்காரரிடமும் பாடம் கற்றான். எண்சுவடி வாய்பாடு திண்ணைப் பள்ளியிலேயே மனப்பாடமாகி இருக்கும். அது அன்றைய 'கணினி'. அதைத் தனியாகப் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஆளை எடைபோடும் வித்தையை மட்டும் அவர்கள் எந்தச் சுவடியையும் நம்பி விட்டுவிடவில்லை. சிறு பையன்களை வேலைக்கு வைத்த அந்தப் பழக்கம் இன்று சட்டப்படியும் தவறு, மனச்சாட்சிப்படியும் தவறு. அதை விட்டுவிடுவோம். 'அடுத்தாள்' என்ற ஏற்பாட்டை மட்டும் நாம் விட்டிருக்கக் கூடாது.

நம் ஊர்க் கல் சொல்லும் பாடம்

எங்கள் குடுமியான்மலைக்கு வருகிறவர்கள் சிகாநாதசுவாமி கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்க்கிறார்கள், சிற்பங்களைப் பார்த்து வியக்கிறார்கள். அங்கேயே மலைச்சரிவில் உள்ள குடைவரைக் கோயிலுக்கு அருகில் பாறையில் ஒரு பெரிய கல்வெட்டு இருக்கிறது. அதுவே உலகப் புகழ் பெற்ற இசைக் கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஸ்வரங்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். காலம் கி.பி. ஏழு, எட்டாம் நூற்றாண்டு என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். உருத்திராச்சாரியாரின் மாணவரான ஓர் அரசர், மாணாக்கர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக அக்கல்வெட்டே கூறுகிறது.

அதாவது, அது ஒரு பயிற்சிப் பாடம். அன்றைய நிலையில் இதைவிட உறுதியான சாதனம் வேறில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டு ஆகியும் எழுத்து அழியவில்லை. ஆனால் இன்று அதைப் பாடிக் காட்டு என்றால் என்ன நடக்கிறது? எழுத்தைப் படித்துவிடுகிறார்கள். ஒரே ஸ்வரத்துக்கு வெவ்வேறு உயிரெழுத்தைச் சேர்த்து எழுதியிருப்பது எதற்காக, சில எழுத்துகளின் மேலே புள்ளி வைத்திருப்பது எதற்காக என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அந்நாளில் மாணவர் அருகே ஆசிரியர் இருந்தார். கையால் தாளம் போட்டு, வாயால் பாடிக் காட்டி, "இது இப்படி" என்றார். அந்த ஆசிரியர் தொடர் அறுந்தது. கல்லில் எழுத்து மட்டும் மிஞ்சியது.

கல்லுக்கே இந்தக் கதி என்றால் கைபேசிக்குக் கேட்க வேண்டுமா? பாடத்தைப் பதிந்து வைப்பது தவறில்லை, பதிந்துதான் வைக்க வேண்டும். பதிந்து வைத்துவிட்டதாலேயே சொல்லிக் கொடுக்கும் ஆள் தேவையில்லை என்று நினைப்பதுதான் தவறு. இன்று நம் கடைகளில் உள்ள அறுபது வயதுக் கணக்குப்பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போகிறார்கள். அவர்கள் மனத்தில் உள்ள வாடிக்கையாளர் வரலாறு எந்த மென்பொருளிலும் ஏறவில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால் பிறகு யாரிடம் கேட்பது?

உரக்கடைக்காரர்கள் காட்டும் வழி

குடுமியான்மலையிலேயே 'ஸ்டாமின்' என்று அழைக்கப்படும் மாநில வேளாண் விரிவாக்க மேலாண்மை நிலையம் இருக்கிறது. வேளாண் துறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் இடம் அது. உரம், விதை, பூச்சிமருந்து விற்கும் நம் சகோதர வணிகர்கள் 'தேசி' என்ற பட்டயப் படிப்பைப் பற்றி அறிந்திருப்பார்கள். ஐதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' என்ற தேசிய நிறுவனம் 2003-ல் இதைத் தொடங்கியது. ஓராண்டுப் படிப்பு. மொத்தம் 48 வாரம். இதில் 40 நாள் வகுப்பு, 8 நாள் வயலுக்கு நேரில் போய்ப் பார்ப்பது. கடைக்காரர்களுக்கான படிப்பு ஆதலால், வாரத்துக்கு ஒரு நாள், விடுமுறை நாளாகப் பார்த்து வகுப்பு வைக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணிக்காமல் வாரம் ஒரு நாளாகப் பரப்பி வைத்திருப்பது. ஒரு வாரம் கற்றதை அடுத்த ஆறு நாள் கடையில் செய்து பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு மறு வகுப்புக்கு வரலாம். இரண்டாவது, வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர் இன்னொரு கடைக்காரர் என்பது. ஓராண்டு ஒன்றாக உட்கார்ந்து படித்தவர்கள் பிறகு போட்டியாளராக இருந்தாலும், ஒரு சந்தேகம் என்றால் கூப்பிட்டுக் கேட்கும் உறவு வந்துவிடுகிறது. இந்த உறவு பாடத்திட்டத்தில் இல்லாத லாபம்.

அதே உரக்கடைக்காரர்களுக்கு 2018-ல் ஒரு சோதனை வந்தது. மானிய உரத்தை விற்பதற்கு விவசாயியின் ஆதாரைச் சரிபார்த்து, விரல் ரேகை பதியும் கருவியின் வழியாகவே பில் போட வேண்டும் என்ற முறை அந்த ஆண்டு மார்ச்சுக்குள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கருவியை இயக்கச் சொல்லிக் கொடுப்பது எளிது. ஆனால் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாமல், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெரியவர் கூனிக்குறுகி நிற்கும்போது கல்லாவில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? "ஐயா, உட்காருங்கள், கையைத் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும். அடுத்தவரை அனுப்பிவிட்டு மறுபடியும் முயல வேண்டும். கருவியின் கையேட்டில் இது இருக்காது. முதலாளி ஒருமுறை அப்படிச் செய்ததைப் பார்த்த ஊழியர், தானும் அப்படியே செய்வார். முதலாளி சிடுசிடுத்ததைப் பார்த்த ஊழியரும் அப்படியே செய்வார். பயிற்சி என்பது இப்படித்தான் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது, நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும்.

பின்னால் பிடித்து ஓடியவர்கள்

நம் மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். எழுத்தறிவோடு, கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் கற்றார்கள். புதுக்கோட்டையின் பெயர் அதனால் உலகமெங்கும் போயிற்று. சைக்கிளைப் பாடம் கேட்டு யாரும் கற்றதில்லை. ஒருவர் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். எந்த நேரத்தில் கையை விட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் விட்டால் விழுவார்கள். விடவே இல்லை என்றால் கற்கவே மாட்டார்கள். மேலாளரை உருவாக்குவதும் இதேதான். நம்மில் சிலர் பிடிப்பதே இல்லை, சிலர் விடுவதே இல்லை.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் வந்தன. ஆயினும் பிள்ளைகளிடம் ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருத் தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. திரை விட்ட இடத்தை மனிதர்கள்தான் வந்து நிரப்பினார்கள்.

கேமரா மேற்பார்வை ஆகுமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதலாளி வீட்டில் இருந்துகொண்டு, கடையில் நடப்பதைக் கைபேசியில் கேமரா வழியே பார்த்து, வாட்ஸ்அப்பில் உத்தரவு போடுவது இப்போது பெருகி வருகிறது. கேமரா திருட்டைக் காட்டும். பையனுக்குக் காய்ச்சல் என்பதைக் காட்டாது. நாற்காலியில் சாய்ந்தவரைச் சோம்பேறி என்று காட்டும், காலையிலிருந்து நின்று கால் வீங்கியதைக் காட்டாது. கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. நாமே பார்த்துச் செய்திருக்க வேண்டிய ஒரு காரியத்தை, சட்டம் வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

நாம் செய்யக்கூடியவை

எங்கள் அனுபவத்திலும், பிற ஊர் நண்பர்களிடம் பேசியதிலும் பயன் தந்த வழிகளைக் கீழே தருகிறோம். எதற்கும் பெரிய செலவில்லை.

1. பொத்தானையும் பொறுப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள். பில் போடுவது, வரி, காலாவதி, சுத்தம் ஆகியவற்றைக் கைபேசியில் கற்கட்டும். கடன் கொடுப்பது, ஆளை நடத்துவது, புகார் கேட்பது ஆகியவற்றைக் கூட இருந்து சொல்லிக் கொடுங்கள்.

2. பயிற்சிப் படத்தைத் தனியாகப் பார்க்கவிடாதீர்கள். வாரம் ஒரு நாள், கடை திறக்குமுன் அரைமணி நேரம், எல்லாரும் சேர்ந்து பாருங்கள். நடுவில் நிறுத்தி, "நம் கடையில் இது நடந்தால் என்ன செய்வோம்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில்தான் பயிற்சி இருக்கிறது.

3. அடுத்தாள் முறையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பொறுப்புக்கு வரப்போகிறவரை வசூலுக்கும் கொள்முதலுக்கும் கூட அழைத்துச் செல்லுங்கள். முதல் இரண்டு மாதம் அவர் பார்க்கட்டும். அடுத்த இரண்டு மாதம் அவர் பேசட்டும், நாம் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருவோம். அதன்பின் தனியே போய்வரட்டும், வந்ததும் என்ன நடந்தது என்று கேட்போம்.

4. மூத்த கணக்குப்பிள்ளையோடு வாரம் ஒரு மணி நேரம் இளையவரை உட்கார வையுங்கள். பேரேட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து, அந்த வாடிக்கையாளரின் கதையைக் கேட்கட்டும். ஓராண்டில் ஐம்பது வாடிக்கையாளரின் வரலாறு கைமாறிவிடும்.

5. வாட்ஸ்அப் குழுவில் பாராட்டுங்கள், கண்டிப்பதைத் தனியே அழைத்துச் செய்யுங்கள். பெயர் போட்டுக் குறையை எழுதினால், அதைப் படிக்கும் மற்றப் பத்துப் பேரும் நாளை நம் பெயரும் வரும் என்று வேறு வேலை தேடத் தொடங்குவார்கள்.

6. கேமராவில் தப்பு எதையாவது பார்த்தால், உடனே திரையிலிருந்து கத்த வேண்டாம். கடைக்குப் போய், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

7. இளையவர்களிடம் நாமும் கற்றுக்கொள்வோம். கைபேசியில் நமக்குப் புரியாததை அவர்கள் சொல்லித் தரட்டும். இன்று நமக்குச் சொல்லித் தந்தவருக்கு, நாளை நாம் சொல்வதைக் கேட்கும் மனமும் வரும். கற்பது இருபக்கமும் நடந்தால்தான் உறவு நிற்கும்.

8. சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்தோறும் கடை விடுமுறை நாளில் மாதம் ஒரு வகுப்பு வைக்கலாம். ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளைகளையும், மூத்த வணிகர்களையும் ஆசிரியராக அழைக்கலாம். ஒரு கடையின் இளைஞரை ஒரு வாரம் வேறு ஊர்க் கடைக்கு அனுப்பிப் பழக வைக்கலாம். கிட்டங்கியில் பக்கத்துப் பெட்டிக்காரரிடம் கற்ற பாடம் அப்படித்தான் மீண்டும் கிடைக்கும்.

நேரம் ஏது என்பவர்களுக்கு

"வியாபாரத்தைப் பார்ப்பதா, வகுப்பு நடத்திக்கொண்டிருப்பதா?" என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டே பார்ப்போம். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு நூறு மணி நேரம். நாளைக்குப் பத்து மணி நேரம் கடை திறந்திருந்தால் அது பத்து நாள் வேலை. நன்றாகப் பழகிய மேலாளர் ஒருவர் மனக்கசப்போடு வெளியே போய்விட்டால், அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேடிப் பிடித்துப் பழக்கப் பத்து நாள் போதுமா? அவரோடு சேர்ந்து போகும் வாடிக்கையாளரை எந்தக் கணக்கில் எழுதுவது? தவறிப்போன ஒரே ஒரு பெரிய பாக்கி, இந்த நூறு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

மேலும், நாம் யாரோடு போட்டி போடுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெரிய சங்கிலிக் கடைகளும், பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்கிற கம்பெனிகளும் நகரங்களைப் பிடித்துவிட்டன. விலையிலும் வேகத்திலும் கருவியிலும் அவர்களை முந்த நம்மால் ஆகாது. அவர்கள் வைத்திருக்கும் அதே பில் மென்பொருளை நாமும் வாங்கலாம், அதே பயிற்சிப் படத்தை நாமும் பார்க்கலாம். ஆனால் "உங்கள் வீட்டில் கல்யாணமாமே, பருப்பு எத்தனை கிலோ வேண்டும், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்வதற்கு ஊரை அறிந்த ஓர் ஆள் வேண்டும். நம்மிடம் உள்ள ஒரே முதல் அதுதான். அந்த முதலை அடுத்த தலைமுறையின் கையில் நாம் ஒப்படைக்காவிட்டால், கடையின் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும்.

ஆகவே, கைபேசியை வாங்கிக் கொடுப்போம், கூடவே உட்கார்ந்து சொல்லியும் கொடுப்போம். அடுத்த மே 5 வணிகர் தினத்துக்குள், ஒவ்வொரு கடையிலும் ஓர் அடுத்தாளைக் கைபிடித்து உருவாக்கத் தொடங்கியிருக்கிறோம் என்று சொல்லும்படி செய்வோம். யாரை உருவாக்கப் போகிறோம் என்பதை இன்று இரவு கடையைச் சாத்துமுன் முடிவு செய்யுங்கள். நாளைக் காலை அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.